டொல்பினின் வயிற்றில் ஒரு கணினி

கணினி இன்றைக்கும் செத்துக்கிடந்தது.

காலை ஆறரைக்குத் தொடங்கிவைத்த வேலை. பதுர்தீன் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டபோது நூற்றுக்கு ஐம்பது வரை ஓடி, உயிரோடு உறுமிக்கொண்டிருந்தது. நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டுத் திரும்பினால் திரை கறுப்பு. பொத்தானைத் தட்டினார். பெட்டியைத் தடவினார். காதை வைத்துக் கேட்டார். மூச்சில்லை.

"மர்ஷூதா! திரும்பவும் தேர்மல் ஷட்டவுன்!"

குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த மனைவி மர்ஷூதா எட்டியும் பார்க்கவில்லை. "சோறு இப்ப போடவா, இல்ல அத எழுப்பினதுக்குப் பிறகு போடவா?" என்றாள்.

பதுர்தீன் கல்யாண வீடியோ எடுப்பவர். ஆனால் அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கற்பிட்டியில், கடற்கரைக்குத் திரும்பும் ஒழுங்கையில், மாமியார் வீட்டு முன்னறையின் வாசலில் 'பதுர்ஸ் டிஜிட்டல் ஃபில்ம்ஸ் இன்டர்நெஷனல்' என்று பலகை தொங்குகிறது. முன்பு வெறும் 'பதுர் வீடியோ'தான். நுரைச்சோலையில் ஒரு கல்யாணத்தில் இரண்டு சீனர்கள் புரியாணி சாப்பிட்டதைப் படம்பிடித்த மறுவாரமே 'இன்டர்நெஷனல்' சேர்ந்துகொண்டது. விசிட்டிங் கார்டில் அவர் நிறைவேற்றுப் பணிப்பாளர். நிறைவேற்றுவதற்கு வேறு பணியாளர் யாரும் இல்லை.

இப்போது நிறைவேறாமல் கிடந்தது சாஹுல் ஹமீது ஹாஜியாரின் மூத்த மகள் கல்யாண வீடியோ. ஹாஜியாருக்குப் புத்தளத்தில் உப்பளங்கள். கல்யாணம் நடந்தது டிசம்பரில். இப்போது ஜூலை. படம் நாலு மணி நேரம். அதில் இருநூற்றுப் பதினான்கு கிராஃபிக்ஸ். மாப்பிள்ளை ஈஃபில் கோபுரத்திலிருந்து குதிரையில் இறங்குகிறார். பெண்ணின் முகம் தாமரைக்குள் மலர்கிறது. ஹாஜியார் ஓர் உப்பு மலைக்குள்ளிருந்து மெல்ல எழுந்து, மேகத்தில் மிதந்துவந்து, இரு கையையும் ஏந்தித் துஆக் கேட்கிறார். இத்தனையையும் அந்தப் பழைய கணினி அரைத்து ஒரே படமாக்கித் தரப் பதினொரு மணி நேரம் பிடிக்கும்.

இரவில் ஓடவிடலாம்தான். ஆனால் கணினியின் சத்தத்தில் ஆறு மாதக் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது என்று மர்ஷூதா சட்டம் போட்டிருந்தாள். ஒன்பது மணிக்குப் பிறகு மெசின் மூச்சுவிடக்கூடாது. துண்டு துண்டாக அரைத்துப் பிறகு ஒட்டலாம்தான். அதற்குப் பதுர்தீன் சம்மதிக்க மாட்டார்.

"ஒட்டு வேலை செய்றது சியாம்," என்பார், ஊரிலுள்ள மற்ற வீடியோக்காரனைப் பற்றி. "என்ட படம் ஒரே மூச்சில வரும்."

ஒரே மூச்சுத்தான் ஒவ்வொரு நாளும் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் ஹாஜியாரே நேரில் வந்துவிட்டார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட், வெள்ளைத் தாடி. நாற்காலியில் உட்கார்ந்ததும் பழுதாகிக் கிடந்த யூபிஎஸ் பெட்டியின் மேல் மர்ஷூதா அவருக்குத் தேத்தண்ணி வைத்தாள். கணினிக்கு அவசர மின்சாரம் தரவேண்டிய அந்தப் பெட்டி, இரண்டு வருடமாக ஸ்டூலாகத்தான் கடமையாற்றியது.

"மகன், மூத்தவள் இப்ப மாசமா இருக்கா," என்றார் ஹாஜியார். "அந்தப் புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி இந்த வீடியோவப் பாக்கக் கிடைக்குமா?"

"ஹாஜியார், சின்னதொரு தேர்மல் இஷ்யூ..."

"எனக்கு அந்தப் பேரொண்டும் தெரியா. ரெண்டாவது மகள்ட கல்யாணம் பேசி முடிச்சாச்சு. இந்த மாசம் முப்பதாந் திகதி பகல் வருவன். வேலை நடக்கிறத என்ட கண்ணால காணணும். கண்டா அந்தக் கல்யாணமும் ஒனக்கு. இல்லாட்டி சியாமுக்கு. அவன் ட்ரோன் ஒண்டு வாங்கியிருக்கானாம்."

தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார். ட்ரோன் என்ற சொல் மட்டும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹாஜியாரின் இரண்டாவது மகள் கல்யாணமென்றால் மூவாயிரம் பேர். கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதைச் சியாம் எடுத்தால், பலகையிலிருந்து இன்டர்நெஷனலை மட்டுமல்ல, பலகையையே கழற்றவேண்டியதுதான்.

பதுர்தீன் ஒரு கொப்பி எடுத்து, அட்டையில் 'வெப்ப ஆய்வுப் பதிவேடு' என்று எழுதினார். கணினி தன் மரணத்தைத் தானே நிமிடக் கணக்கோடு பதிந்துவைத்திருந்தது. 'எதிர்பாராத நிறுத்தம்' என்று அது எழுதியிருந்த நேரங்களை வரிசையாகப் பிரதிபண்ணினார். பன்னிரண்டு பதினேழு. பன்னிரண்டு பதினேழு. பன்னிரண்டு பதினெட்டு. மறுபடியும் பன்னிரண்டு பதினேழு.

அவருக்கு மயிர் சிலிர்த்தது.

வாகனம் திருத்தும் சரீப் அந்த நேரம் வீட்டுப் பக்கம் வந்தான். கராஜ் இரண்டு வீடு தள்ளி. "என்ன நாநா, பேயக் கண்ட மாதிரி இருக்கிறீங்க?"

"சரீப், இத வாசி. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். ஏன் தெரியுமா? சூரியன் நடு உச்சிக்கு வாற நேரம் அது. உச்சி வெயில்ல புரொசஸர் கொதிச்சி, தன்னத் தானே நிப்பாட்டிக்கொள்ளுது."

சரீப் கொப்பியை வாங்கிப் பார்த்தான். "இந்தப் புதன்கிழமை முழுக்க மழைதானே நாநா? அண்டைக்கும் பன்னெண்டு பதினேழு எண்டுதானே எழுதியிருக்கு?"

"மழை எண்டா? மேகத்துக்கு மேல சூரியன் இல்லையா?"

சரீப் கொஞ்சம் யோசித்தான். "கரண்ட் போகுதோ தெரியா."

"போனா ஃபிரிட்ஜும் நிக்கணும். அது நிக்கல்ல. இந்த அறைப் ப்ளக் கருகின நாள்ல இருந்து மாமிட அறையிலதான் வயர் போட்டிருக்கன்." ஜன்னலுக்குள்ளால் நுழைந்து பக்கத்து அறைக்குப் போகும் வயரைக் காட்டினார். "அதையும் நேரில போய்ப் பாத்தன். சுவிட்ச் ஓன்லதான் இருக்கு. நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

"அப்ப ஒருநாள் அந்த நேரம் பக்கத்துல இருந்து பாருங்களன்."

"பன்னெண்டு பத்துக்குப் பள்ளில இல்லாட்டி முதல் சஃப்பு என்னாகிறது?"

இமாமுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், ஊர் முழுக்கக் காணும்படியான இடம் ஒன்று பதுர்தீனுக்கு இருந்தது. அதை யாரும் அவருக்கு எழுதிக்கொடுக்கவில்லை. தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு முன்னமே போய் உட்கார்ந்து உட்கார்ந்து சொந்தமாக்கிக்கொண்டது.

முதல் வைத்தியமாகக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீட்டில் நின்ற விசிறியை அதற்கு நேரே திருப்பி வைத்தார். கைக்குழந்தைக்குப் புழுங்கியது, கணினிக்குக் காற்று வந்தது. பன்னிரண்டு பதினெட்டுக்குச் செத்தது.

இரண்டாவது வைத்தியத்துக்குப் புத்தளத்துக்கு பஸ் ஏறிப்போய் ஆறு சிறிய விசிறிகள் வாங்கிவந்தார். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, மேலே இரண்டு. ஆறும் சேர்ந்து சுற்றத் தொடங்கியதும் மேசை நடுங்கியது. முன்னறையில் ஒரு ஹெலிகொப்டர் இறங்குவதாகப் பக்கத்து வீட்டில் நினைத்தார்கள்.

மாமி றஹ்மத் உம்மா தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதிகம் கதைக்காத மனுஷி. மருமகன் சொல்லும் இங்கிலீசுச் சொற்களைக் கேட்டுக் கேட்டு, இருந்த கதையும் குறைந்துவிட்டது.

"மருமகன், இதுட சத்தம் கிணத்தடிக்கும் கேக்குது."

"மாமி, இது ஏர்ஃப்ளோ. டெக்னிக்கல் விசயம். ஒங்களுக்கு விளங்கப்படுத்த ஏலா."

"இல்ல, நான் என்ன சொல்ல வந்த எண்டா..."

"விஞ்ஞானம் எண்டா கொஞ்சம் சத்தம் இருக்கும் மாமி."

மாமி கிணற்றடிக்குத் திரும்பிப் போனார்.

அன்று கணினி பன்னிரண்டு பதினெட்டுக்குச் செத்தது. பதுர்தீன் எழுப்பி, சோதித்துப் பார்க்க மறுபடி முதலிலிருந்து தொடக்கினார். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் அதுவும் போயிருந்தது. மூன்று நாற்பத்தொன்று.

ஆறு விசிறி போட்டதற்குப் பலன், ஒரு மரணம் இரண்டானது.

"வெப்பம் முத்திப்போச்சு," என்று பதுர்தீன் கொப்பியில் எழுதினார். "காற்றால் இனிப் பயனில்லை."

மூன்று இரவுகள் தொலைபேசியில் வீடியோ பார்த்தார். எங்கோ ஒரு தேசத்தில் தாடிவைத்த பொடியன்கள் கணினிக்குள் தண்ணீர் ஓடவிட்டார்கள். நீலம், சிவப்பு, பச்சைத் தண்ணீர் கண்ணாடிக் குழாய்களில் ஓடியது. ஒருவனுடைய கணினி கோட்டையாக இருந்தது, இன்னொருவனுடையது விண்கப்பல். நாலாம் நாள் காலை பதுர்தீன் பாணைச் சம்பலில் தோய்த்தபடி அறிவித்தார்:

"நான் கம்பியூட்டர டொல்பினுக்குள்ள வெக்கப்போறன்."

மர்ஷூதா பாணைக் கீழே வைத்தாள். "எதுக்குள்ள?"

"கற்பிட்டி எண்டா உலகமெல்லாம் டொல்பின் பாக்கத்தானே வருது? ஃபைபர்ல ஒரு டொல்பின். வயித்துக்குள்ள கம்பியூட்டர். உடம்பு முழுக்க நீலத் தண்ணி ஓடும். தலையால பீச்சும். இதுக்குப் பேர் லிக்விட் கூலிங்."

"வீடியோ குடுக்க இருக்கிறது பதினேழு நாள். நீங்க மீன் செய்யப் போறீங்க."

"டொல்பின் மீனில்ல," என்றார் பதுர்தீன் வருத்தத்தோடு. இப்படிப்பட்டவர்கள் மத்தியில்தானே வாழவேண்டியிருக்கிறது.

கடற்கரையில் நெய்னார் ஃபைபர் வள்ளம் செய்பவர். முப்பது வருட அனுபவம். பதுர்தீன் உல்லாசப் பிரயாணிகளுக்கு அச்சடித்த கடதாசி ஒன்றை நீட்டி, அதிலிருந்த டொல்பினைக் காட்டினார். நெய்னார் பீடியை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இத நான் ஒவ்வொரு நாளும் கடல்ல காணுறன் தம்பி. ஆனா முதுகு மட்டுந்தான் தெரியும். வயித்த ஆரு கண்டது?"

"வயிறு ஒரு அளவாப் போடுங்க."

"எனக்குத் தெரிஞ்ச அளவு ஒண்டுதான்."

பத்து நாளில் டொல்பின் வந்தது. முதுகு அசல் டொல்பின். வயிறு அசல் வள்ளம். நாலு பேர் தூக்கிவந்து முன்னறை மேசையில் வைத்தார்கள். ஃபைபர் பசையின் நெடியில் வீட்டில் எல்லோருக்கும் கண்ணால் தண்ணீர் வந்தது. ஒழுங்கையே திரண்டுவந்து பார்த்தது.

"நல்ல சுறா," என்றார் ஒருவர்.

"சுறாவுக்கு இந்த வாயா? இது ஆவுளியா."

"ஓம், கடல்பண்டி."

"முன்னறைக்குள்ள நிண்டு அந்தப் பேரச் சொல்லாதீங்க!" என்று மர்ஷூதா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

கடைசியில் பதுர்தீன் 'டொல்பின்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து அதன் நெற்றியில் ஒட்டவேண்டியதாயிற்று.

உள்ளே வேலை தொடங்கியது. மீன்தொட்டிப் பம்ப் ஒன்று. சரீபின் கராஜில் ஒரு பழைய சின்ன லொறியின் ரேடியேட்டர். மேசன்மார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் பத்து முழம். புரொசஸரின் தலையில் வைக்கும் செப்புக் கட்டி மட்டும் கொழும்பிலிருந்து தபாலில் வந்தது. அதைத் திறக்கும்போது பதுர்தீன் பிஸ்மி சொல்லித் திறந்தார். தண்ணீரைக் கிணற்றிலிருந்து அள்ளினார். நீலத்தை மர்ஷூதாவின் கேக் சாமான் பெட்டியிலிருந்து எடுத்தார். அன்று பிறந்தநாளுக்கென்று ஓடர் வந்திருந்த கேக்கில் நீலவானம் போடவேண்டிய மர்ஷூதா, வேறு வழியில்லாமல் மழை வானம் போட்டாள். பிள்ளையின் தாய், "இது என்ன சுனாமி கேக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இருபத்தைந்தாம் திகதி காலை பத்து மணிக்கு முதல் ஓட்டம். பம்ப் முனகியது. நீலம் வாலிலிருந்து ஏறி, முதுகால் ஓடி, தலையால் ஒரு சாண் உயரத்துக்குப் பீச்சியது.

"சுப்ஹானல்லாஹ்," என்றான் சரீப், உண்மையாகவே.

பதுர்தீன் மேசையைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை. கீழே குனிந்து பார்த்தார். காய்ந்த தரை. "பாத்தியா? கொழும்பிலயும் இப்படி ஒரு ஃபினிஷிங் வராது."

அரை மணி நேரம் எல்லோரும் ரசித்தார்கள். தலையால் பீச்சிய நீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வந்தது. ஒரு சாண், பிறகு நாலு விரல், பிறகு ஒரு விரல். டொல்பின் களைத்துவிட்டது என்று சரீப் சொன்னான். தண்ணீர் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. வெளியே வரவில்லை, அதனால் கவலைப்படவில்லை.

டப்.

வீடு முழுக்கக் கரண்ட் போனது. டொல்பினின் வாயால் ஒரு புகை வந்தது. மாமியின் அறையிலிருந்து, "யா அல்லாஹ்!" என்று குரல் கேட்டது.

முதுகைக் கழற்றிப் பார்த்தபோது வயிறு நிறைய நீலத் தண்ணீர். அதற்குள் பவர் சப்ளை முழுகியிருந்தது.

பதுர்தீன் நெய்னாரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நெய்னார் எட்டிப் பார்த்து, கையை விட்டுத் துழாவி, திருப்தியோடு தலையாட்டினார்.

"சொட்டுக்கூடக் கசியல்ல பாத்தீங்களா? வெளித்தண்ணிய உள்ள விடாததுதான் எங்கட தொழில் தம்பி. அந்தச் சுவர் உள்தண்ணிய வெளிய விடுமா?"

வள்ளத்துக்கு வெளியே தண்ணீர் இருக்கவேண்டும் என்பதை உலகம் அறியும். உள்ளே தண்ணீர் வைத்து ஓடும் முதல் வள்ளத்தைப் பதுர்தீன்தான் கட்டியிருந்தார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. எடுத்த படமெல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மேல்தட்டில் இருந்ததால் தப்பியிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் மௌனமாக உட்கார்ந்ததை மர்ஷூதா கண்டதில்லை. அவருடைய தாய் மௌத்தான அன்றுகூட, வந்தவர்களுக்குப் பந்தலின் வெளிச்சம் போதாதென்று விளங்கப்படுத்தியவர்.

"சியாம்ட ட்ரோன் நல்லா எடுக்குமாம்," என்றார் மெல்ல.

மர்ஷூதாவுக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இஞ்ச பாருங்க. இன்னம் அஞ்சு நாள் இருக்கு. செய்றதெண்டா ஒழுங்கா ஒருக்காச் செய்ங்க. அந்த ஆறு விசிறியையும் முதல்ல கழட்டுங்க, காது போகுது. நீலமும் இன்னொரு போத்தல் இருக்கு."

சரீபும் வந்து சேர்ந்தான். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றும், உப்புத் தண்ணீரைக் கரண்டுக்குப் பக்கத்தில் ஓடவிட்டவனுக்குப் பரிசு தரவேண்டும் என்றும் சொன்னான். வாகனப் பற்றரிக்கு விடும் சுத்தத் தண்ணீர் இரண்டு கேன் கராஜிலிருந்து கொண்டுவந்தான். குழாய் மூட்டு ஒவ்வொன்றுக்கும் இரும்பு க்ளிப் போட்டான். ரேடியேட்டரை அதன் பெரிய விசிறியோடு ஜன்னலுக்கு வெளியே, வளவுப் பக்கச் சுவரில் பூட்டினான். புதிய பவர் சப்ளை கொழும்பு பஸ்ஸில் வந்தது. அதை டொல்பினின் முதுகுக்குள், உயரமாக, தண்ணீர் தொடமுடியாத இடத்தில் கட்டினார்கள். தண்ணீரில் கருகிய பழைய வயரை எறிந்துவிட்டு, மாமியின் அறையிலிருந்தே மறுபடி புது வயர் இழுத்தார்கள். தண்ணீர் தேங்காமல் வடிய வயிற்றில் ஒரு சின்ன ஓட்டையும் போடச் சொன்னான் சரீப். நெய்னார் அதற்கு மட்டும் வரமாட்டேன் என்றார். நல்ல வள்ளத்தில் தன் கையால் ஓட்டை போட மாட்டாராம். சரீபே போட்டான்.

ஓடவிட்டார்கள். நீலம் சுற்றியது. தலையால் ஒரு சாண் பீச்சியது. அப்படியே நின்றது.

முதலில் யாருக்கும் என்ன வித்தியாசமென்று பிடிபடவில்லை. பிறகு மர்ஷூதா சொன்னாள்: "சத்தமே இல்லையே!"

உண்மைதான். நீர் விழும் களகளப்பைத் தவிர முன்னறை அமைதியாக இருந்தது. கைக்குழந்தை மேசைக்குப் பக்கத்திலேயே நித்திரையாகிவிட்டது.

அத்தோடு பதுர்தீனுக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் அவருக்குக் கூடவே பெருமையும் வரும். அன்றிரவே படத்தை ஓடவிட்டு முடித்திருக்கலாம். மர்ஷூதாவும் அதைத்தான் சொன்னாள்.

"இரவில ஓடினா அது சாதனையா? பகல் பன்னெண்டு பதினெட்ட வெல்லணும். ஹாஜியார்ட கண்ணுக்கு முன்னால."

பெனர் அடித்தார். 'உச்சி வெயிலை வென்ற டொல்பின்: திறப்பு விழா. பிரதம அதிதி: அல்ஹாஜ் சாஹுல் ஹமீது.' டொல்பினுக்குச் சிவப்பு நாடா கட்ட வேண்டும். கழுத்தில் கட்டச் சொன்னார். கழுத்து எது என்று அரை மணி நேரம் தேடி, கடைசியில் தலையும் வள்ளமும் சேருமிடத்தில் சரீப் கட்டினான்.

முப்பதாந் திகதி காலை ஆறரைக்குப் படத்தைத் தொடக்கினார். பதினொன்றரைக்கு ஹாஜியார் வந்து இறங்கினார். அறைக்குள் நுழைந்து, மேசையில் இருந்ததைப் பார்த்து, நெற்றியில் ஒட்டியிருந்ததை வாசித்து, "ஓ," என்றார். மர்ஷூதாவின் கேக் கத்தியால் நாடாவை வெட்டினார். டொல்பினுக்குள் கேக்கை எதிர்பார்த்தவர்போல் கொஞ்ச நேரம் கத்தியைக் கையிலேயே வைத்திருந்தார்.

பதுர்தீன் உரை நிகழ்த்தினார். சூரியனைப் பற்றி, புரொசஸரைப் பற்றி, நீரின் குணங்களைப் பற்றிப் பேசினார். பதிவேட்டைத் திறந்து நேரங்களை வாசித்தார்.

"அப்ப இண்டைக்கும் அந்த நேரத்துக்குச் சாகுமோ?" என்றார் ஹாஜியார்.

"இண்டைக்குச் சாகாது ஹாஜியார்."

"சரி. பன்னெண்டரைக்கு இது உயிரோட இருந்தா ரெண்டாவது கல்யாணம் ஒனக்குத்தான். பேச்சு மாற மாட்டன்."

பன்னிரண்டு பத்து. முதல் சஃப்பில் அவருடைய இடம் இன்று காலி. முதல் தடவையாகப் பதுர்தீன் அந்த நேரத்தில் கணினிக்குப் பக்கத்தில் நின்றார். சரீப் டொல்பினின் வயிற்றில் கையை வைத்துச் சூடு பார்த்தான். நெய்னார் வாசலில் நின்று பீடியை அணைத்தார்.

பன்னிரண்டு பதினைந்து. ஐம்பத்திரண்டு வீதம்.

பன்னிரண்டு பதினெட்டு. பள்ளியிலிருந்து பாங்கு எழுந்தது. ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கணினித் திரையில் வீதம் மட்டும் நகர்ந்தது. மாமி றஹ்மத் உம்மா அறை வாசல் வரை அவசரமாக வந்தார். தலைச்சேலையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, ஒரு கணம் நின்று கேட்டார். வந்த வழியே திரும்பிப் போனார். பதுர்தீனின் நெற்றியில் வியர்வை இறங்கியது. அவர் மாமியைக் காணவில்லை. அவர் கண் திரையில்.

பாங்கு முடிந்தது. ஐம்பத்துமூன்று வீதம்.

பன்னிரண்டு இருபத்தைந்து. நீலம் ஓடியது. பன்னிரண்டரை. டொல்பின் தலையால் பீச்சிக்கொண்டே இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சரீப் கத்தினான். ஹாஜியார் எழுந்து பதுர்தீனைக் கட்டிப் பிடித்தார். "மகன், பேச்சு பேச்சுத்தான். கல்யாணம் ஒனக்கு. சியாம்ட ட்ரோன் காக்காய்க்குப் பராக்குக் காட்டட்டும்."

பதுர்தீனின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியுமா? நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஹாஜியார், இத ஆரும் நம்பல்ல. என்ட வீட்டாக்களே நம்பல்ல. கரண்ட் பிழை எண்டாங்க, அது எண்டாங்க, இது எண்டாங்க. நான் மட்டுந்தான் சொன்னன், வெப்பம் எண்டு. ஒரு விசயத்த விஞ்ஞான ரீதியாப் பாக்கணும். என்ட பதிவேட்ட நாளைக்கு ஒரு புத்தகமாவே போடலாம்."

மாமி சர்பத் தட்டோடு உள்ளே வந்தார். முதல் கிளாஸை ஹாஜியாருக்கு நீட்டினார். டொல்பினைப் பார்த்து, இத்தனை நாளில் முதல் தடவையாக முகம் மலரச் சிரித்தார்.

"சத்தமில்லாமச் செஞ்சது நல்ல வேலை மருமகன்," என்றார். "பாங்கு சொல்லக்குள்ள இரைச்சல் கூடாதெண்டு, ஒவ்வொரு நாளும் ஓடிப்போய் என்ட அறைச் சுவிட்ச நிப்பாட்டி, முடிஞ்சதும் திரும்பப் போட்டுவிடுற கரச்சல் இனி எனக்கில்ல."